ஓடையைத் தாண்டிய கோடு

என் வீட்டுக்காரர் மேப்பில் போட்ட ஒரு கோட்டினால் ஒரு பெண் செத்துப்போனாள். அது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். எட்டு மாதம் வரை வேறு யாருக்கும் தெரியாது. அந்தப் பெண்ணின் புருஷனிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்ல வேண்டாம் என்று நான் தடுத்துக்கொண்டே இருந்தேன்.

அவர் பெயர் சோலைமலை. சாத்தூரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். கடையில் பஞ்சர் ஒட்டுவேன், செயினுக்கு எண்ணெய் போடுவேன். பெரிய இடத்து ஆட்கள் வந்தால் டயர் அடுக்கியிருக்கும் பக்கம் நகர்ந்துகொள்வேன். பேசுவதைவிடப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்கு வரும்.

அவர் பதினாறு வயதில் பட்டாசு வேலைக்குப் போனவர். கம்பி மத்தாப்புக்கு மருந்து முக்கும் வேலை. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அவர் கழுத்து மடிப்பிலும் நகக்கண்ணிலும் அலுமினியத் தூள் மின்னும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் தலையணை உறையில் ஒட்டியிருக்கும். ஒரு நாள் பக்கத்துக் கம்பெனியில் ஒரு ஷெட் வெடித்தது. தீயணைப்பு வண்டியின் மணிச் சத்தம் காட்டுக்குள் கேட்டது, வண்டி மட்டும் வந்து சேரவில்லை. கரிசல் காட்டில் வண்டிப்பாதைகளுக்குப் பெயர் கிடையாது. ஒன்றில் புகுந்தால் வேலிக்கருவை முட்புதரில் போய் முட்டும், இன்னொன்று கிணற்றோடு முடியும். மணிச் சத்தம் பக்கத்தில் வருவதும் தூரத்தில் போவதுமாக இருந்ததை அவர் நின்று கேட்டிருக்கிறார். அதற்கு அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டுச் சைக்கிள் கடை வைத்தார்.

சிவகாசி முதலாளிமார் வீட்டுப் பிள்ளைகள் விலை கூடின சைக்கிள்களில் காலையில் நான்குவழிச் சாலைக்கு ஓட்ட வருவார்கள். அவர்கள் கைப்பிடியில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பெட்டி மாட்டியிருக்கும். ஜி.பி.எஸ். பெட்டி. செல் சிக்னல் இல்லாத இடத்திலும் அது வழி காட்டும். ஆனால் எந்த நாட்டுக்குப் போகிறோமோ அந்த நாட்டு மேப்பை முன்கூட்டியே அதில் ஏற்றியிருக்க வேண்டும். மகேஷ்குமார் என்ற முதலாளி மகன், கண்ணாடி கீறிப்போன பழைய பெட்டி ஒன்றை இவருக்குக் கொடுத்தார். இவர் வீடியோ பார்த்துப் பார்த்து அதைப் பழகினார். எங்கே இறக்குவது, எப்படிப் பிரிப்பது, எந்த ஃபோல்டரில் போடுவது, எந்தப் பெயர் வைத்தால் பெட்டி அதை மேப் என்று ஒத்துக்கொள்ளும், எல்லாம் தெரிந்துகொண்டார். அதற்கப்புறம் தாய்லாந்து போகிறவர், இலங்கை போகிறவர் எல்லோரும் பயணத்துக்கு முதல் வாரம் எங்கள் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். பட்டாசுக் கம்பெனியில் மருந்து முக்கின கை, பல நாட்டு ரோடுகளைத் தொட்டது. அவருக்கு அதில் பெருமை உண்டு. எனக்கும்தான்.

அவர் ஏற்றிய மேப், யார் வேண்டுமானாலும் வரையலாம் என்கிற பொது மேப். ஒரு நாள் அதில் நம் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஏழாயிரம்பண்ணையைத் தாண்டித் தார் ரோடு முடிகிற இடத்தில் வெறும் வெள்ளையாக இருந்தது. தினமும் வேன் வேனாகச் சனம் வேலைக்குப் போய்வருகிற காடு, அதில் ஒன்றுமே இல்லாத இடமாகக் கிடந்தது.

“நாளைக்கு ஒரு வண்டி வரணும்னா எப்படி வரும்?” என்றார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில், கம்பெனிகளுக்கு லீவு என்பதால், கீறல் பெட்டியை மாட்டிக்கொண்டு காடு காடாகச் சுற்றினார். போன தடம் பெட்டியில் பதியும். வந்து உட்கார்ந்து அதை மேப்பில் வரைவார். இரண்டு வருஷத்தில் அறுபத்திரண்டு பாதை வரைந்தார். அதில் ஒன்றுதான் ஓடையைத் தாண்டியது.

சித்திரை மாதம் அது. ஓடையில் மணல் காய்ந்து கிடந்தது. அவர் சைக்கிளைத் தோளில் தூக்கி வைத்து இறங்கி, அந்தக் கரையில் ஏறி மறுபடி ஓட்டியிருக்கிறார். பெட்டி இரண்டு கரைப் பாதையையும் ஒரே கோடாகப் பதித்துக்கொண்டது. அவரும் அப்படியே போட்டார். எங்கள் பக்கத்து ஓடைகளில் வருஷத்துக்குப் பத்து நாள் தண்ணீர் ஓடினால் அதிசயம். ஓடைக்குள் ஆடு படுத்திருக்கும், டிராக்டர் நிற்கும். அது ஒரு பள்ளம், அவ்வளவுதான். அது தண்ணீர் போகிற இடம் என்று எங்களில் யாருக்கும் சட்டென்று ஞாபகம் வராது.

போன வருஷம் தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் வெயிலே இல்லை. ஆறாம் நாள் வெயில் அடித்ததும் தேங்கிய சரக்கையெல்லாம் வெளியே கொண்டுவந்து காயப்போட்டார்கள். எல்லாக் கம்பெனியிலும் அதே அவசரம். ஒரு கம்பெனியில் காயப்போட்ட இடத்தில் தீப்பிடித்தது. செல்வலட்சுமி என்ற பெண்ணுக்கு நல்ல காயம். அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிற அவள் புருஷன் வெள்ளைத்துரை அவளை வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு சாத்தூர் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டிருக்கிறான். வேன் டிரைவர் வெளியூர். செல்லில் அதே பொது மேப்பைப் போட்டான். அது குறுக்கு வழி காட்டியது. ஓடைக்குள் இறங்கிய வேன், தண்ணீரிலும் சகதியிலும் முக்கால் மணி நேரம் நின்றது. கம்பெனிக்குள் செல் கொண்டுபோக விடமாட்டார்கள், கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். வெள்ளைத்துரை செல் கேட்டிலேயே கிடந்தது. கேட்டுக்கு வெளியே நின்ற டிரைவரிடம் செல் இருந்தது, ஆனால் ஓடைக்குள் சிக்னல் இல்லை. அவள் அங்கேயே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் கடைக்கு வந்தவர்கள், “செல்லப் பாத்து ஓடைக்குள்ள விட்டுட்டான்லே” என்று பேசிக்கொண்டார்கள். இவர் கம்ப்யூட்டரைத் திறந்தார். நான் பின்னால் நின்று பார்த்தேன். கோடு ஓடையின் நீல நிறத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது.

மறுநாள் காலை அதை அழித்தார், தன் பெட்டியில் பதிந்திருந்த தடத்தையும் சேர்த்து. “அழிங்க, சீக்கிரம் அழிங்க” என்று பக்கத்தில் நின்று சொன்னது நான்தான்.

அதோடு முடியவில்லை. பொது மேப்பில் அழித்தாலும், ஏற்கெனவே பெட்டிகளில் ஏற்றியது ஏற்றியபடியேதான் இருக்கும். அவர் கையால் தமிழ்நாட்டு மேப் ஏற்றிய பெட்டிகள் பதினொன்று. ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு, சும்மா சர்வீஸ் பண்ணித் தருகிறேன் என்று வாங்கி, மேப்பை மாற்றிக் கொடுத்தார். பத்து முடிந்தது. பதினொன்றாவது சென்னையில் இருந்தது. அதற்கப்புறம் அவர் யாருக்கும் எந்த நாட்டு மேப்பும் ஏற்றவில்லை. சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் கோணல் பார்க்கும்போது அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். நான் பேச்சுக் கொடுத்தால், “முக்கா மணி நேரம் புள்ள” என்பார்.

ஆனி மாதம் ஒரு நாள் பகல் பதினோரு மணிக்கு அந்தப் பதினொன்றாவது பெட்டி வந்தது. கொண்டுவந்தது யோகேஸ்வரி. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற அச்சகத்துக்காரர் மகள். சென்னையில் வேலை பார்க்கிறாள்.

“அண்ணே, நாளைக் கழிச்சு வியட்நாம் போறேன். மேப் ஏத்திக் குடுங்க.”

“இப்ப மேப் வேலை பாக்கிறதில்ல தாயி.”

“ஏன், கம்ப்யூட்டரு ஒங்ககிட்ட கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சா? சென்னையில கேட்டா புதுசா வாங்கிருங்கன்னு சொல்றானுக. உங்கள நம்பித்தான் ஊருக்கே வந்தேன். எங்க அப்பா, மக தன்னப் பாக்க வந்திருக்கான்னு நெனச்சுக்கிட்டிருக்காரு.”

அவள் பெட்டியைக் கைப்பிடியிலிருந்து திருகி எடுத்து நீட்டினாள். அது எந்தப் பெட்டி என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கையைத் துணியில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

அவள் கொண்டுவந்த வயர் சார்ஜ் மட்டும் ஏற்றுகிற வயர். இவர் தன் வயரை எடுத்துச் சொருகினார். வியட்நாம் மேப் கம்ப்யூட்டரில் இறங்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. பெட்டியில் இடம் போதவில்லை.

“பழசு என்னத்துக்கு, அழிச்சிருங்க. நம்ம ஊருக்குள்ள மேப் பாத்தா போறோம்?” என்றாள் யோகேஸ்வரி. சாத்தூரில் இருக்கும் அத்தை வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஐந்து மணிக்கு வருகிறேன் என்று கிளம்பினாள். போகும்போது என்னைப் பார்த்து, “என்னக்கா, நீங்க இன்னும் பேசிப் பழகலையா?” என்றாள். நான் சிரித்துக்கொண்டேன்.

அவர் உடனே பெட்டியைத் தொடவில்லை. முதலில் வியட்நாமைக் கம்ப்யூட்டரில் திறந்தார். பச்சையாக மலையும் நீலமாக ஆறும் வாய்க்காலுமாக இருந்தது. ரோடு தண்ணீரைத் தாண்டுகிற இடம் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார். அங்கே இப்படி ஆயிரம் இடம் இருக்கும். நூறாவது இடத்தையும் அதே கவனத்தோடு பார்த்தார்.

“இந்தக் கோட்ட எவன் போட்டானோ. அவன் போனப்ப தண்ணி இருந்துச்சோ, இல்லையோ.”

“அங்கன பாலம் இருக்கும்,” என்றேன்.

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

எனக்கு எப்படித் தெரியும்.

பிறகு பெட்டியை எடுத்தார். தமிழ்நாட்டைத் திறந்து, சாத்தூரிலிருந்து விரலால் மேற்கே தள்ளிக்கொண்டே போனார். அந்தக் கோடு அங்கே இருந்தது. உலகத்தில் வேறு எங்கேயும் இல்லாத அது, அந்தச் சின்னத் திரையில் ஓடையைத் தாண்டிக்கொண்டு போனது. என் விரல்நகம் நீளம்கூட இல்லை.

அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவர் அழுத்தவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அழுத்திவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். எட்டு மாதமாக நான் காத்திருந்ததும் அதற்குத்தான். ஆனால் இது போய்விட்டால் அப்புறம் அவர் யாரிடமும் எதையும் காட்ட முடியாது. ஆயுசுக்கும் என்னிடம் மட்டும்தான் முக்கால் மணி நேரம் என்று சொல்லிக்கொண்டிருப்பார். அதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது என்று தோன்றியது. அவருக்காக யோசித்தேன் என்று சொன்னால் அது பொய்.

“எந்திரிங்க. போயிட்டு வந்துருவோம்,” என்றேன்.

கடையைப் பூட்டிவிட்டு வண்டியில் போனோம். பெட்டி அவர் சட்டைப்பையில் இருந்தது. ஆனிக் காற்று புழுதியை முகத்தில் அடித்தது.

ஊரில் விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். வெள்ளைத்துரைக்கு நாற்பது வயது இருக்கும். வாசலில் ஆட்டுக்கு அகத்திக்குழை கட்டிக்கொண்டிருந்தான். நிலைப்படிக்கு உள்ளே ஒரு வயசான அம்மா வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தார். செல்வலட்சுமியைப் பெற்றவர் அவர்தான் என்று முகமே சொன்னது; சோலையம்மாள் என்ற பெயர் பிறகுதான் தெரிந்தது. பேப்பரில் வந்த மகள் போட்டோவில் இருந்த அதே தாடை.

“யாரு நீங்க?”

“சாத்தூரு. சைக்கிள் கடை வச்சிருக்கேன்.”

“இங்கன யாருகிட்டயும் சைக்கிள் இல்லையே.”

“உங்க வீட்டம்மா போன வேனு ஓடையில மாட்டுச்சுல்ல.” இவர் சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டு, “அந்த வழிய மேப்புல போட்டது நான்தான்,” என்றார்.

வெள்ளைத்துரைக்குப் புரியவில்லை. “மேப்பு கவுர்மெண்டு போடுறதுதான?”

“இல்ல. யாரும் போடலாம். நான் சித்திரையில போனேன், தண்ணி இல்ல. கோட்ட இழுத்துட்டேன்.”

அடிப்பான் என்று நினைத்தேன். அவருக்கு முன்னால் போய் நிற்கலாமா என்று கால் நகர்ந்தது. வெள்ளைத்துரை கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டுக் கிட்டே வந்தான்.

“அப்ப மேப்புல வழி இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“இன்னொருக்கா சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க.”

“இருந்துச்சுண்ணே.”

அவன் உள்ளே திரும்பினான். “கேட்டீகளா, அத்தை.”

சோலையம்மாள் குழாய் சுருட்டுவதை நிறுத்தவில்லை. அவனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். “மறுவாரம் ஊரே செல்லத் தொறந்து பாத்துச்சு. ஒரு கோடும் இல்ல. எம்மகளத் தண்ணிக்குள்ள கொண்டுபோயி விட்டுட்டு, செல்லு காட்டுச்சுன்னு சொன்னவன்தான் இவன். இப்ப ஆளுக் கூட்டியாந்திருக்கான்.”

நடந்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. டிரைவர் அந்த வாரமே ஊரைவிட்டுப் போய்விட்டான். வெள்ளைத்துரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான். யார் திறந்து பார்த்தாலும் அங்கே ஓடைதான் இருந்திருக்கிறது. பெண்டாட்டி துடிக்கும்போது வழி தெரியாமல் வாய்க்கு வந்ததைச் சொல்லி ஓடையில் இறக்கினான், கேட்டால் மேப் மீது பழி போடுகிறான் என்று ஊரே பேசியிருக்கிறது. எட்டு மாதமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு அந்த அம்மா அவனிடம் பேசவில்லை.

என் வீட்டுக்காரருக்கும் அது விளங்கிவிட்டது. அவர் முகம் அப்படியே வற்றிப்போனது. “மறுநாளு காலையில நான் அழிச்சிட்டேன்மா. அதான் யாரு பாத்தும் தெரியல,” என்று சொல்லிப் பெட்டியை எடுத்துக் கோட்டைத் திறந்து, குனிந்து அந்த அம்மா முன்னால் நீட்டினார்.

சோலையம்மாள் பசை காய்ந்த விரலைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். “இது என்ன நீலமா?”

“ஓடை.”

“இது?”

“நான் போட்டது.”

வெள்ளைத்துரை அந்த அம்மாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். “டிரைவரு கேட்டான், அண்ணே ஓடையில தண்ணி கெடக்காதான்னு. அஞ்சு நாளு மழ. சின்னப் புள்ளையில தண்ணி வந்தா அந்த ஓடையில மீன் பிடிச்சுத் திரிஞ்சவன் நான், எனக்குத் தெரியாதா? ஆனா கோடு போகுதே. நம்ம வேலைக்குப் போயிருந்தப்ப பாலம் கட்டியிருப்பாகன்னு நெனச்சேன். வண்டிய விடுன்னு நான்தான் சொன்னேன். அது என் தப்புத்தான் அத்தை. ஆனா பொய் சொல்லல.”

அந்த அம்மா வெகு நேரம் திரையைப் பார்த்தார். திரை அணைந்தது. இவர் தொட்டு மறுபடி எரிய வைத்தார்.

“எதுக்கு அழிச்ச?” என்று இவரைக் கேட்டார்.

“இன்னொரு வண்டி அதுல போயிரக் கூடாதுன்னு.”

“அதுக்குத்தானா?”

இவர் தலையைக் குனிந்துகொண்டார். “பயந்துட்டேன்மா.”

“நான்தான் அழிக்கச் சொன்னேன்,” என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. “அவரு சொல்லணும்னாரு. நான்தான் விடல.”

சோலையம்மாள் என்னை அப்போதுதான் பார்த்தார். ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பார்வையை எடுத்துவிட்டு, மருமகனிடம் சொன்னார். “தெருவுல எல்லாரையும் வரச் சொல்லு.”

வந்தார்கள். பெட்டி கை கையாக மாறியது. ஒவ்வொருவரும் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, இவரை நிமிர்ந்து பார்ப்பார்கள். இவர், “நான்தான் போட்டேன், நான்தான் அழிச்சேன்,” என்பார். ஒரு பெண் மண்ணில் காறித் துப்பினாள். ஒரு பெரியவர், “படிச்சவனுக செய்யிற வேலையவா நீ செஞ்ச? ஒனக்கு எதுக்குலே இது?” என்றார். இவர் அதற்கும், “ஆமாய்யா,” என்றார். அவர் எதற்காகப் பாதைகளை வரைய ஆரம்பித்தார் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அது மன்னிப்புக் கேட்கிற மாதிரி இல்லாமல் சாக்குச் சொல்கிற மாதிரி இருந்திருக்கும்.

கிளம்பும்போது வெள்ளைத்துரை வண்டியைப் பிடித்துக்கொண்டான். “இத அழிச்சிராதீக.”

“அழிக்கமாட்டேன். இது வேற ஆளோட பெட்டி. என் பெட்டியில மாத்தி வச்சுக்கிறேன்.”

“எவனாச்சும் மறுபடி பேசுனா கூட்டியாருவேன்.”

“கூட்டிட்டு வாங்க.”

கடைக்கு வந்து, கோடு இருக்கிற அந்த மேப்பைத் தன் கீறல் பெட்டிக்கு மாற்றினார். பத்துப் பெட்டியில் தேடித் தேடி ஒழித்ததைத் தன் கையாலேயே ஏற்றி வைத்தார். அப்புறம் யோகேஸ்வரியின் பெட்டியில் இருந்ததை அழித்துவிட்டு வியட்நாமை ஏற்றினார். ஐந்து மணிக்கே வந்து அரை மணி நேரம் காத்திருந்து, தாமதத்துக்குக் கேலி பேசிக்கொண்டே வாங்கிப்போனவளிடம், “தாயி, தண்ணி வார எடத்துல எறங்கி நின்னு பாத்துட்டுப் போ. கோட்ட நம்பாத,” என்றார். “சரிண்ணே, மேப் போட்டுக் குடுத்துட்டு மேப்ப நம்பாதங்கிறீக,” என்று சிரித்துக்கொண்டே போனாள்.

சொன்னபடியே வெள்ளைத்துரை ஆட்களைக் கூட்டிவந்தான். சித்தப்பா மகன், கம்பெனி போர்மேன், செல்வலட்சுமியின் அக்கா. ஒவ்வொரு முறையும் இவர் செய்கிற வேலையை வைத்துவிட்டுக் கையைக் கழுவி, பெட்டியை எடுத்துக் காட்டி, அதே இரண்டு வாக்கியத்தைச் சொன்னார். ஆடி முடிவதற்குள் கூட்டிவர யாரும் மிச்சமில்லை.

இப்போது அவன் தனியாக வருகிறான். பெரும்பாலும் வியாழக்கிழமை, வேலை விட்டு வரும் வழியில். நான் டீ வாங்கிவைத்தால் குடிப்பான், சில நாள் குடிக்கமாட்டான். “ஆஸ்பத்திரிக்குப் போடுங்க,” என்பான். இவர் கம்பெனி கேட்டிலிருந்து சாத்தூர் ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டுப் பெட்டியைக் கொடுப்பார். பழைய மேப் அல்லவா, அது அந்தக் குறுக்கு வழியையே காட்டும். வெள்ளைத்துரை கேட்டில் விரலை வைத்து, காட்டுப்பாதையில் மெதுவாக நகர்த்தி, நீலத்தில் நிற்காமல் தாண்டி, தார் ரோட்டில் ஏற்றி, ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுபோவான். போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போவான்.

என் வீட்டுக்காரர் அதை அணைப்பதில்லை. தானாக அணையும்வரை கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.